கடைசியாக வெளிச்சம் போடுகிறவர்

அவருக்குக் கண் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு, வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று யாராவது சொல்வார்கள். வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் அவருக்குக் கண் இருந்தது.

பெயரை எழுதமாட்டேன். தன் பெயரை ஓரிடத்தில் பார்ப்பதில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுப்பதாக இல்லை.

2008இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸ் சிதம்பரம் மேல வீதியில் ஒரு பித்தளைப் பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்தது. மூன்று அறை, பதினோரு கம்ப்யூட்டர். முதலாளி அதே இடத்தில் முன்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். அவருடைய மச்சான் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் பிடித்து அனுப்புவார். கம்ப்யூட்டர் கேம்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை, அட்வென்ச்சர் கேம். ஒரு பெண் காணாமல் போன அப்பாவைத் தேடி ஊர் ஊராகப் போவாள். போகிற இடத்தில் ஒரு சாவி, ஒரு கிழிந்த கடிதம், தலையில்லாத பொம்மை என்று எதையாவது கண்டுபிடிப்பாள், ஒரு புதிரை அவிழ்ப்பாள், அடுத்த கதவு திறக்கும். அந்த இடங்களை நாங்கள் வரைவோம். கலங்கரை விளக்கம், கப்பலின் கீழ்த்தளம், பனி விழுகிற ரயில்வே ஸ்டேஷன். பனியை எங்களில் ஒருத்தரும் பார்த்தது கிடையாது. அந்த கேமை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் புதிருக்காக வாங்குவதில்லை, அந்த இடங்களில் சும்மா நின்று பார்க்கத்தான் வாங்குகிறார்கள் என்று முதலாளியின் மச்சான் போனில் சொல்வாராம். அதனால் படம் அழகாக இருந்தே ஆக வேண்டும். அந்த அழகுக்குப் பொறுப்பு அவர். எங்கள் ஆர்ட் ஹெட்.

ஊர் சிதம்பரம்தான். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஆபீசுக்கு வருவார். நெற்றியில் விபூதி, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கத்துகிற மேலதிகாரியாக இருந்திருந்தால் திரும்பக் கத்தியாவது இருக்கலாம்.

அவருடைய வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். நீங்கள் ஒரு படத்தை எட்டு நாள், பத்து நாள் உட்கார்ந்து வரைவீர்கள். ஓட்டுக்கு ஓடு, விரிசலுக்கு விரிசல். அதுவரைக்கும் உங்கள் பக்கமே வரமாட்டார். முடிகிற நாள் மட்டும் எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். பின்னால் வந்து நிற்பார். அப்புறம் மெதுவாக, "எழுந்திரும்மா" என்பார்.

நீங்கள் எழுந்ததும் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, உங்கள் நாற்காலியில் விரித்து, அதன்மேல் உட்காருவார். எல்லோருடைய நாற்காலியிலும் விரிப்பார், முதலாளி நாற்காலியைத் தவிர. "வேர்வைம்மா, தப்பா நெனைக்காத" என்று ஒருநாள் சொன்னார். தப்பாகத்தான் நினைத்தேன்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்புவார். இது படம் வரைகிற எல்லோரும் செய்வதுதான். பத்து நாள் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பு தெரியாது. திருப்பிப் பார்த்தால் சாய்ந்த தூண் சாய்ந்ததாகவே தெரிந்துவிடும். பார்த்த பிறகு பழையபடி திருப்பி வைத்துவிட்டு, "வெளிச்சம் எங்கேர்ந்து வருது?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அவர் காதில் விழாது. ஜன்னல் விளிம்பில் ஒரு மஞ்சள் தீற்றல். தரையில் ஒரு நீளமான கீற்று. நீங்கள் மூன்று நாள் வரைந்த அலமாரியும் அதிலிருக்கிற நாற்பது புத்தகமும் இருட்டுக்குள் போய்விடும். எல்லாம் ஐந்து நிமிஷம். நீங்கள் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு அது உங்கள் படமாக இருக்காது. கொடுமை என்னவென்றால், நல்ல படமாக ஆகியிருக்கும்.

போகும்போது இன்னொரு வேலையும் செய்துவிட்டுப் போவார். நாங்கள் ஒவ்வொரு சாமானையும் தனித்தனி லேயரில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் மாதிரி, வரைவோம். கேமில் அந்தப் பெண் மேஜை மேலிருந்து சாவியை எடுத்தால், சாவிக்கு அடியில் மேஜை தெரிய வேண்டுமே, அதற்காக. அவர் வெளிச்சம் போட்டு முடித்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக்கி, அதே பெயரில் சேமித்துவிடுவார். யார் எதை வரைந்தார்கள் என்பதற்கு அதற்குமேல் தடயம் கிடையாது. மறுநாள் நாங்கள் உட்கார்ந்து சாவியைத் திரும்ப வெட்டி எடுத்து, அடியில் மேஜையைத் திரும்ப வரைவோம். "பழைய ஃபைல் ஒண்ணு தனியா வெச்சுக்கலாமா சார்?" என்று கேட்டேன். "எதுக்கும்மா? முடிஞ்சத எதுக்கு வெச்சுக்கணும்?" என்றார். எங்கள் கம்ப்யூட்டர்களில் இடமும் அவ்வளவாக இல்லை, அதனால் முதலாளியும் அதையே சொன்னார்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து குமரவேல் என்று ஒருத்தன் வருவான். எனக்குப் பக்கத்து சீட். நல்ல கை அவனுக்கு. மலைக்கிராமத்துச் சமையலறை ஒன்றை வரைந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து இரண்டு தடவை நன்றாயில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அவர் உட்கார்ந்தார். தொங்கிக்கொண்டிருந்த பூண்டுச் சரம், பானை, தட்டு என்று பாதிச் சாமானை எடுத்து வீசினார். மூடின கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் போட்டார். அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கோடு நிற்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. அடுத்த நாள் மெயில் வந்தது. உங்கள் ஆர்ட் ஹெட் மந்திரவாதி என்று எழுதியிருந்தார்கள். குமரவேல் அதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் சமோசா வாங்கிவந்தான்.

"உனக்கு எதுக்குடா சந்தோஷம்? உன் பேர் எங்க இருக்கு?" என்றேன்.

"போக்கா. என் பூண்ட தூக்கிப் போட்டதுக்கு அப்புறந்தான் படம் நல்லா இருக்கு. இன்னா பண்ணச் சொல்ற?" என்றான்.

எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

இத்தனைக்கும் அவருக்கு கேம் விளையாடத் தெரியாது. மற்றவர்கள் செய்த கேம்களை வாங்கி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போட்டு வைத்துக்கொள்வார். அதில் நடக்கிற ஆளை ஒரு பாலத்திலோ கோட்டை வாசலிலோ நிறுத்திவிடுவார். அந்த ஆள் பாவம், காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பான். அவர் தண்ணீரில் நிலா அசைவதைப் பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவார். புதிர் வந்தால் குமரவேலைக் கூப்பிடுவார். குமரவேல் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த இடம் வந்ததும், "சரி, போ" என்பார். கடைசியில் அந்தக் கதைகளில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் மூன்றாவது காட்டில் பாசி எந்தப் பக்கம் படிந்திருந்தது என்று கேளுங்கள், சொல்வார்.

ஒரு சித்திரை மாதம் சாயங்காலம் ஊரின் ஓரத்தில் குடிசைகள் தீப்பற்றிக்கொண்டன. கரண்ட் இல்லாத நேரம் என்பதால் நாங்கள் மொட்டை மாடியில் நின்றிருந்தோம். எங்கள் ஆபீசைப் பெருக்கித் துடைக்கிற அஞ்சலையின் வீடு அந்தப் பக்கம்தான். அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ எம்புள்ளைங்க" என்று படியில் இறங்கி ஓடினாள். குமரவேல் பின்னாலேயே ஓடினான். அவர் செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "ரெஜினா, அடிப்பகுதியப் பாரும்மா. எல்லாரும் செவப்பு போடுவாங்க. செவப்பே இல்ல. வெள்ளை" என்றார்.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடுதான் போயிற்று. அடுத்த வாரம் நாங்கள் வரைந்துகொண்டிருந்த கேமில் ஒரு நூலகம் எரிகிற காட்சி இருந்தது. அந்தத் தீக்கு அடியில் வெள்ளை போட்டார். பிரமாதமாக இருந்தது. அதே வாரம் அஞ்சலைக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலர் நன்றாகவே பார்த்து வாங்கியிருந்தார்.

இனி என் படத்துக்கு வருகிறேன்.

2009 கடைசியில் வந்த ஆர்டரில், தகப்பனைத் தேடுகிற அந்தப் பெண் கடைசியாக இந்தியாவுக்கு வருகிறாள். பழைய கோயில் மண்டபம் ஒன்று, அதில் நடனமாடும் சாமி சிலை. அந்த மண்டபம்தான் விளம்பரத்திலும் சிடி அட்டையிலும் வரப்போகிறது என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு வரி. கேம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும் இல்லையா, அதில் அதுவரை எங்கள் கம்பெனி பெயர் மட்டும்தான் வரும். இந்தத் தடவை, மண்டபத்தை வரைந்தவர் பெயரைத் தனியாகப் போடுவதாக எழுதியிருந்தார்கள். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து அதைப் படித்தார். "யார் பண்றது?" என்று கேட்டார். "ரெஜினா பண்ணட்டும் சார்" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். பெண் தினமும் சிதம்பரம் போய் கேம் வரைகிறாள் என்று சொன்னால் அவருடைய வேனில் வருகிறவர்கள் சிரிப்பார்களாம். "பொண்ணு வெளையாடறதுக்கு சம்பளம் தர்றாங்களா டேவிட்?" என்பார்களாம். பெயர் வரப்போகிறது என்றதும் அப்பா வேன் முழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் வரைக்கும் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும், "இன்னாமா, பேரு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவுக்காக அந்தப் பெயர் வந்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. பொய் எதற்கு, எனக்காகவும்தான்.

சிலையை எங்கே பார்ப்பது? கீழேயே இருந்தது. பாத்திரக்கடை வாசலில் மூன்றடி உயரத்தில் பித்தளை நடராஜர். தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும், அந்த நேரத்தில் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவேன். கடைக்காரர் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மேல் வலது கையில் உடுக்கை, மேல் இடது கையில் நெருப்பு, வலது கால் ஊன்றியது, இடது கால் தூக்கியது. "எதை வேணா மாத்து, கால மட்டும் மாத்தாதம்மா. கால் மாறி நிக்கறவரு மதுரையில இருக்காரு. அது வேற கதை" என்றார். ஒன்பது நாள் அந்தக் காலை மட்டுமே வரைந்தேன். தூக்கின காலின் விரல்கள் எப்படி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும் என்று இப்போது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

மண்டபம் முடிந்த அன்று வந்தார். நின்றார். எழுந்திரும்மா. கைக்குட்டை. திருப்பினார்.

திருப்பியவர் பழையபடி திருப்பி வைக்கவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அப்படியே வெளிச்சம் போட ஆரம்பித்தார். இடது பக்கம் மேலே இருந்த ஓட்டை வழியாக ஒரு கற்றை இறங்கி, தூண் தூணாகத் தடவிக்கொண்டு வந்து, சிலையின் தூக்கின பாதத்தில் முடிந்தது. மற்றதெல்லாம் கருநீலம். என் வாழ்க்கையில் நான் கூட நின்று பார்த்த விஷயங்களில் அதைவிட அழகானது இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் அது வலது பாதம்.

"சார், கால் மாறிடுச்சு" என்றேன். "உடுக்கையும் நெருப்பும் கை மாறியிருக்கு. திருப்பி வெச்சிடுங்க சார்."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "கேம்ல அந்தப் பொண்ணு இடது பக்கமா உள்ள வர்றா. வெளிச்சமும் அவகூடவே வரணும். திருப்பி வெச்சா எல்லாம் எதிர்த்து நிக்கும். அப்டியே செத்துடும் படம்."

"அப்டின்னா சிலைய மட்டுமாவது மாத்திடறேன் சார். ரெண்டு நாள் குடுங்க."

"வெளையாடறவனுக்கு எந்தக் காலா இருந்தா இன்னா? அழகா இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

அழகாக இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். முழுக் காரணம் அதுவல்ல. முதலாளியிடம் போய்ச் சொன்னால் படம் நிற்கும், படம் நின்றால் பெயர் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சில் என்ன சொல்வார்? அவர் லேயர்களை ஒன்றாக்கி, அதே பெயரில் சேமித்து, கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

கேம் வெளிவந்தது. எங்களுக்கு ஒரு காப்பி வந்தது. முதலாளி அறையில் எல்லோரும் நின்று பார்த்தோம். பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின. மண்டபக் காட்சி என்று இங்கிலீஷில் வந்தது, பக்கத்தில் அவர் பெயர். பெயரை எழுதி மெயில் அனுப்பினவரே அவர்தானே.

"டீம் பேருன்னு நெனைச்சுக்கம்மா" என்றார் படியில் இறங்கும்போது. "யாராவது ஒருத்தர் பேர்தான் போட முடியும்னாங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அப்பாவிடம், இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பொய் இல்லை. வரவில்லைதான்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு முதலாளி வீட்டுக்கு அவருடைய மாமனார் வந்திருந்தார். தேர் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம், மருமகன் பெருமையாக லேப்டாப்பைத் திறந்து மண்டபத்தைக் காட்டியிருக்கிறார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, கால் மாறி நிக்குது? சிதம்பரத்துல ஒக்காந்துகிட்டு இப்டியா போடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். வீடு நிறைய சொந்தக்காரர்கள்.

மறுநாள் காலையில் முதலாளி ஆர்ட் ஹெட்டையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, "யாரு பண்ண வேலை இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். அதே மெதுவான குரல். "சார், கோவிச்சுக்காதீங்க. ரெஜினா சின்னப் பொண்ணு. சர்ச்சுக்குப் போற புள்ள. அதுக்கு எந்தக் கால்னு எப்டி சார் தெரியும்? நான்தான் பாத்திருக்கணும். விட்டுட்டேன்."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி பேசினாரே, அதுதான். கடை வாசலில் ஒன்பது நாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான்.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். "நான் இடது கால்தான் போட்டேன். இவருதான் திருப்புனாரு. வேணும்னேதான் அப்டியே விட்டாரு."

"இருக்கலாம்மா" என்றார் அவர் சாந்தமாக. "ஃபைல தொறந்து காட்டு. பாத்துடலாம்."

ஃபைல் ஏது? ஒன்றாக்கி வைத்த அந்த ஒன்றுதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றைக் கிளறிப் பார் என்கிறார். ஓடிப்போய் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துவந்து மேஜையில் போட்டேன். முதலாளி புரட்டினார். பக்கம் பக்கமாக இடது கால். "பென்சில்ல சரியாத்தான் போட்டிருக்கு சார்" என்றார் அவர். "கம்ப்யூட்டர்ல எங்கியோ மாறிடுச்சு. பழக்கம் இல்லாததால கவனிக்கல."

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "சார், இது என் படம்னா கடைசியில யாரு பேரு ஓடுது? போட்டுப் பாருங்க" என்றேன்.

முதலாளி போட்டார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர்கள் ஏறி ஏறிப் போயின. மண்டபம் வந்தது. அவர் பெயர் வந்தது. முதலாளி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அரை நிமிஷம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நானே இதப் பத்தி உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன் சார்" என்றார் அவர். "படம் பூரா ரெஜினா போட்டது. பேரு என்னுது போயிடுச்சு. அன்னிலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல. மச்சானுக்கு இன்னிக்கே மெயில் போட்டு மாத்தச் சொல்லிடுங்க. புள்ளைக்கு சேர வேண்டியது சேரட்டும்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் தேங்காயை எடுத்து என் தலையிலேயே உடைத்ததை அன்றுதான் பார்த்தேன். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாமா, எவ்வளவு பெரிய மனுஷன். அவரப் போயி வேணும்னே பண்ணாருன்னு சொல்றியே" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். வேலை வேண்டுமே.

வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. படம் அட்டையில் அச்சாகிவிட்டது, விளம்பரமும் போய்விட்டது, இனி மாற்ற முடியாது. பெயரை மாற்றுவதில் பிரச்சினை இல்லை, ஒரு வரிதானே.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அந்த ஆபீஸ் ஓடவில்லை. எல்லோரும் செல்போனில் விளையாட ஆரம்பித்ததும் ஆர்டர் நின்றுபோனது. 2012இல் ஒருமுறை கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. தேங்கின தண்ணீரில் ஒரு பழக்கடையின் பல்பு தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். சிதம்பரம் பஸ் அவருக்குப் பின்னாலேயே வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு, கிளம்பிப் போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

பெயர் மாறின காப்பி 2010 செப்டம்பர் வாக்கில் வந்தது. குமரவேல் அதை சிடியில் எழுதிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பா பாதி சர்ச்சை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். வேனில் வருகிறவர்களில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமாவும் வந்தார். அவர் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர். அப்பா அவருக்குத்தான் முன்னால் நாற்காலி போட்டார். எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்தார். நான் முதலில் மண்டபத்தைக் காட்டினேன். வெளிச்சம் இறங்கி வந்து பாதத்தில் விழுந்தது. "அம்மாடி!" என்று யாரோ மூச்சு விட்டார்கள். அப்புறம் பெயர்கள் ஓடின. என் பெயர் வந்ததும் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அப்பா கைதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இன்னொரு வாட்டி போடுமா" என்றார். மூன்று வாட்டி போட்டேன்.

மூன்றாவது வாட்டி மண்டபம் வந்தபோது பக்கத்து வீட்டு மாமா முன்னால் குனிந்தார். "படம் பிரமாதம்மா. ஆனா கால் மாறியிருக்கே. எடது காலு இல்ல தூக்கணும்?" என்றார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை.

அப்பாதான் முந்திக்கொண்டார். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கண்ணே. அதுக்கு எப்டி தெரியும்? அதுவா பாத்து இவ்ளோ தூரம் போட்டிருக்குதே" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தக் காலை நான் போடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது யார் போட்டது என்பதாக இருக்கும். அதற்கும் பதில் சொன்னால், அந்த வெளிச்சம் யாருடையது என்று கேட்பார்கள். கால் என்னுடையது இல்லை என்றால் படமும் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், கையில் சோடா பாட்டிலோடு.

"ஆமா மாமா" என்றேன். "தெரியாம போட்டுட்டேன்."